சவுக்கும் உடலும்: ஒரு பழைய இத்தாலியப் படமும் அதைப் பார்த்தவர்களும்

ஒரே படத்தை இரண்டு தடவை பார்த்து, ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான இரண்டு கருத்துகளைச் சொன்னவன் நான். முதற் தடவை, தலையும் இல்லை வாலும் இல்லை என்றேன். இரண்டாவது தடவை, இத்தாலியத் திகில் படங்களில் இதற்கு ஈடு சொல்ல நாலைந்து படங்களே தேறும் என்றேன். இடையில் இருபது வருடங்களுக்கு மேல் ஓடியிருந்தன. வயது போனதால் ரசனை கெட்டுவிட்டது என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். அதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் முக்கியமான காரணம் வேறு. நான் இரண்டு தடவையும் பார்த்தது ஒரே படத்தை அல்ல.

படத்தின் பெயர் 'லா ஃபுருஸ்தா எ இல் கோர்ப்போ'. சவுக்கும் உடலும் என்பது அதன் பொருள். 1963இல் வெளியானது. இயக்கியவர் மரியோ பாவா. முன்னணிப் பாத்திரங்களில் கிறிஸ்தோபர் லீயும் டாலியா லாவியும் நடித்தார்கள். காமமும் அச்சமும் ஒன்றையொன்று தின்னும் கதை என்று ஒரு வரியில் சொல்லலாம். அப்படிச் சொன்னதும் சிலர் முகம் சுளிப்பார்கள்; சிலர் இறுவட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். இரு சாராரும் ஏமாறுவார்கள். இன்றைய கண்ணுக்கு அதில் ஆபாசம் என்று சுட்டிக்காட்டத்தக்க அளவு உடல்கூடத் தெரிவதில்லை.

முதற் பார்வை 1980களின் நடுப்பகுதியில். வீடியோ டெக் என்ற பெட்டி வீடுகளுக்குள் நுழைந்துவிட்ட காலம். லண்டனிலிருந்து விடுமுறையில் வந்த நண்பர் ஒருவர் கொண்டுவந்த கசெற்றுகளில் இதுவும் ஒன்று. அதன் முதுகில் படத்தின் பெயர்கூட இருக்கவில்லை. 'கிறிஸ்தோபர் லீ, பேய்' என்று மட்டும் பேனையால் கிறுக்கியிருந்தது. பிரதியிலிருந்து எடுத்த பிரதியின் பிரதி அது. நிறங்கள் செத்துப்போய், இரவுக் காட்சிகள் கரிச்சட்டியின் அடிப்பாகம் போலத் தெரிந்தன. டிரகுலாவாக லீயைக் கண்டு பழகிய நாங்கள் பல் எப்போது நீளும் என்று காத்திருந்தோம். பல் நீளவில்லை. படம் பாதியை எட்டுவதற்குள் அவர் கழுத்தில் குத்துப்பட்டு இறந்தும் போனார். கசெற்றை மாற்றச் சொல்லிக் கூச்சல் எழுந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு. கடலோரத்தில் ஒரு கோட்டை. அதன் பிரபுவின் மூத்த மகன் கேர்ட், வேலைக்காரியின் மகளை மயக்கிக் கைவிட்டவன். அவள் குத்துவாளால் தன்னை மாய்த்துக்கொண்டாள். அந்த வாளைத் தாய் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காத்துவருகிறாள், பழிதீர்க்கும் நாளுக்காக. போனவன் ஒரு நாள் திரும்பி வருகிறான். அவனுக்கென இருந்த நெவென்கா இப்போது தம்பி கிறிஸ்தியானோவின் மனைவி. தம்பியின் மனமோ உறவுக்காரப் பெண்ணான கத்தியாவிடம். ஆக, அந்தக் கோட்டையில் யாருமே தமக்கு உரிய இடத்தில் இல்லை.

கேர்ட் கடற்கரையில் நெவென்காவைத் தனியே சந்திக்கிறான். அவள் கையிலிருந்த குதிரைச் சவுக்கு அவன் கைக்கு மாறுகிறது. அவன் அவளை அடிக்கிறான். அவள் முகத்தில் வலி மட்டுமல்ல, வேறொன்றும் தெரிகிறது. நீ மாறவேயில்லை என்ற பொருளில் அவன் ஏதோ சொல்கிறான். அதன் பிறகு அவன் கொல்லப்படுகிறான், அதே வாளினால். ஆனால் நெவென்காவின் காதுகளில் சவுக்கொலி ஓயவில்லை. சேற்றுக் காலடிகள் தரையில் தெரிகின்றன. செத்தவன் மீண்டும் மீண்டும் அவளைத் தேடி வருகிறான்.

எங்கள் கசெற்றில் அந்தக் கடற்கரைக் காட்சி தொடங்கியதும் திரை ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த கணம் அவள் மணலில் கிடந்தாள். இடையில் நடந்தது எதுவும் இல்லை. ஆகவே நாங்கள் கண்டது, முரடன் ஒருவனிடம் அகப்பட்டு அழும் பெண் ஒருத்தியை மட்டுமே. அப்படியானால் அவன் செத்த பிறகு இவள் ஏன் நிம்மதியாக மூச்சுவிடவில்லை? காலடியோசை கேட்டதும் ஏன் கதவைப் பூட்டாமல் திறக்கிறாள்? எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கதை எழுதியவனுக்கு மூளை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தோம். அந்தத் தீர்ப்பை உரக்கச் சொன்னவன் நான்தான்.

நிற்க. படத்தை எடுத்தவர்கள் தம்முடைய பார்வையாளர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதும் ஒரு சுவையான கதை.

இத்தாலியில் பேசும் படக் காலத்தின் முதல் திகில் படம் என்று பொதுவாகக் கொள்ளப்படுவது 1957இல் வந்த 'ஐ வம்பீரி'. அதை இயக்கியவர் ரிக்கார்டோ ஃப்ரேடா. ஒளிப்பதிவு செய்தவர் பாவா. ஃப்ரேடா இடையில் விலகிக்கொள்ள, படத்தை முடித்துக் கொடுத்தவரும் பாவாதான். படம் போகவில்லை. ஏன் என்பதற்கு ஃப்ரேடா பிற்காலத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவந்தார். சான்ரெமோ நகரில் திரையரங்கின் வாசலில் நின்று அவர் சனங்களைக் கவனித்தாராம். சுவரொட்டியை ஆவலோடு பார்த்தவர்கள், இயக்குநரின் பெயர் இத்தாலியப் பெயராக இருப்பதைக் கண்டதும், இத்தாலியனுக்கு இதெல்லாம் எடுக்கத் தெரியுமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்களாம். அடுத்த திகில் படத்தில் ஃப்ரேடா 'ரொபேட் ஹம்ப்டன்' ஆனார்.

'சவுக்கும் உடலும்' படத்தின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்துத் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டியது போலிருக்கும். இயக்கம் ஜோன் எம். ஓல்ட், அவர் மரியோ பாவா. ஒளிப்பதிவு டேவிட் ஹமில்டன். அவர் உபால்டோ தெர்சானோ. இசை ஜிம் மேர்பி. அவர் கார்லோ ருஸ்திக்கெல்லி. திரைக்கதை ஜூலியன் பெரி. அவர் ஏர்னெஸ்தோ கஸ்டால்டி. தம்பியாக நடித்த ரொனி கெண்டலின் சொந்தப் பெயர் லூச்சியானோ ஸ்தெல்லா. கத்தியாவாக வந்த ஈவ்லின் ஸ்ருவர்ட் உண்மையில் இடா கல்லி. சொந்தப் பெயரோடு நின்ற ஆங்கிலேயர் கிறிஸ்தோபர் லீ. ஆனால் படத்தின் ஆங்கில வடிவத்தில் ஒலிப்பது அவருடைய குரல் அல்ல. வேறொருவர் பின்னணி பேசினார். அந்தக் குரலுக்காகவே லீயின் படங்களைப் பார்ப்பவர்கள் உலகெங்கும் உண்டு. பெயர் மெய்யானவருக்குக் குரல் பொய் என்பதைப் பாவா ஒரு நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அமெரிக்கர் ரொஜர் கோர்மன் 1961இல் எட்கார் அலன் போவின் கதையொன்றைத் தழுவி எடுத்த 'குழியும் ஊசலும்' படத்தைத் தயாரிப்பாளர்கள் தமக்குப் போட்டுக் காட்டி, இதைப்போல ஒன்று எழுதித் தா என்று கேட்டதாகக் கஸ்டால்டி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆக, கேட்டது ஒரு நகல். கோர்மனின் படத்தில் வதைக்கருவிகள் சுவரெங்கும் தொங்கும். இங்கே ஒரேயொரு சவுக்கு. அதுவும் அடிவாங்கும் பெண் கையோடு கொண்டுவந்த சவுக்கு. நகல் அசலைத் தாண்டிப்போவது இந்த இடத்தில்தான்.

இத்தாலியில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் திரைப்படத் தணிக்கையை ஓரளவு தளர்த்தியிருந்தது. நல்லொழுக்கத்துக்கு முரணானதா என்பதை மட்டுமே சபை பார்க்க வேண்டும், வயதெல்லை விதிக்கலாம். எனினும் சபை அனுமதித்த படத்தையும் குற்றவியற் சட்டத்தின் ஆபாசப் பிரிவின் கீழ் நீதித்துறை பறிமுதல் செய்ய இயலும். இந்தப் படத்துக்கு அதுவே நேர்ந்தது. 1963 ஓகஸ்டில் வெளியானது, ஒக்டோபரில் கைப்பற்றப்பட்டது. பாலுணர்வின் பிறழ்வுகளைக் காட்டுகிறது என்பது குற்றச்சாட்டின் சாரம். பின்னர் சில பகுதிகளை விலக்கிப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடல் கடந்தபோது வெட்டு இன்னும் ஆழமானது. பிரித்தானியாவில் 'இரவே அந்தப் பேயுரு' என்ற பொருள்படும் பெயரில், சவுக்கடி பெரும்பாலும் நீங்கிய பிரதி ஓடியது. அமெரிக்காவில் சூட்டிய பெயர் 'என்ன!' என்பது. பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் கேட்டதும் அதையேதான் என்பது அந்தப் படத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் பகிடி.

வெட்டியவர்கள் படத்தைச் சுத்தப்படுத்துவதாக எண்ணியிருப்பார்கள். உண்மையில் அவர்கள் எடுத்தெறிந்தது அந்தப் பெண்ணின் மனதை. அடியை நீக்கினால் அவளுடைய விருப்பமும் போய்விடும். மீதமாவது, முதற்பாதியில் கதறும் ஒருத்தி. பிற்பாதியில் காரணமின்றிக் கொலைசெய்யும் பைத்தியக்காரி. இரண்டும் திகில் படங்களில் நாம் ஆயிரம் தடவை கண்ட பொம்மைகள்.

வெட்டிய பிரதியைப் பார்த்துவிட்டு எழுத்தாளனைத் திட்டிய எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். செய்தித் தணிக்கை நடைமுறையிலிருந்த காலங்களில் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவன் நான். அனுப்பியது முப்பது வரி, திரும்பி வந்தது ஒன்பது வரி என்ற அனுபவம் எங்களுக்கு ஏராளம். ஒன்பது வரியை வாசித்த வாசகர், எழுதியவனுக்குப் புத்தியில்லை என்றுதான் சொல்வார். அவரைக் குறைசொல்ல முடியாது. அவர் கையில் இருந்தது அவ்வளவே.

*

2000ஆம் ஆண்டளவில் முழுமையான பிரதி அமெரிக்காவில் டி.வி.டி. வடிவில் வந்தது. 2007இல் ரிம் லூகஸ் பாவாவைப் பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரு பெருநூலை வெளியிட்டார். மார்ட்டின் ஸ்கோர்செசி அதற்கு முன்னுரை எழுதினார். 1980இல் மறைந்த பாவா இதையெல்லாம் காண இருக்கவில்லை. தம் படங்களைப் பற்றி யாராவது பெரிதாகப் பேசினால் சிரித்து மழுப்பும் சுபாவம் அவருக்கு. இருந்திருந்தால் அந்த நூலின் எடையைப் பற்றித்தான் ஏதாவது சொல்லியிருப்பார்.

முழுப் பிரதியை நான் பார்த்தது நண்பர்கள் வீட்டில். மாதத்துக்கொரு தடவை ஏழெட்டுப் பேர் கூடிப் பழைய படமொன்றைப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிருந்தது. பார்த்து முடிந்ததும் ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்ல வேண்டும். பேசாமல் எழும்பிப் போக முடியாது.

விளக்கை அணைத்ததும் முதலில் என்னைத் தாக்கியது நிறம். கரிச்சட்டி என்று நான் நினைத்திருந்த இடங்களிலெல்லாம் ஊதாவும் நீலமும் பச்சையும் ததும்பின. பாவா அடிப்படையில் ஒளிப்பதிவாளர். அவருடைய தந்தை யூஜெனியோ சிற்பி. ஊமைப்படக் காலத்தில் தந்திரக் காட்சிகள் அமைத்தவர். மகனுக்குக் கையில் காசு இல்லாதபோது வெளிச்சத்தைக் கொண்டு அரண்மனை கட்டத் தெரியும். அறையில் எரிவது ஒரு மெழுகுவர்த்தி. சுவரில் விழுவதோ ஊதா நிறம். அது எங்கிருந்து வருகிறது? எங்கிருந்தும் வரவில்லை. இருட்டிலிருந்து லீயின் கை மட்டும் நெவென்காவை நோக்கி நீள்கிறது, அழுகிய பச்சை நிறத்தில். இதன்மேல் ருஸ்திக்கெல்லியின் பியானோ. திகில் படத்துக்குரிய கிறீச்சொலி அல்ல. பிரிந்த காதலர்களைப் பற்றிய படத்துக்கு வாசிக்கும் உருக்கமான மெட்டு. கொலை நடக்கும்போதும் அதுவே ஒலிக்கிறது.

ஓரிடத்தில் நெவென்கா சவுக்கொலி கேட்டு எழுந்து போகிறாள். சாளரத்தின் மேல் காற்றில் மோதும் கொடிக்கிளை அது. அவள் முகத்தில் ஆறுதல் வரும் என்று நாம் எதிர்பார்ப்போம். எனக்கு அங்கே தெரிந்தது ஏமாற்றம். டாலியா லாவி அந்த ஒரு கணத்தில் செய்ததைப் பல பெரிய நடிகைகளாலும் செய்ய முடியாது என்பது என் எண்ணம். பிற்காலத்தில் அவர் ஜேர்மன் மொழிப் பாடகியாகப் பெயர் பெற்றார்; 2017இல் காலமானார். அவரை நினைவுகூர்ந்தவர்கள் பாட்டுகளையும், 1967இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் கேலிப்படமான 'கசினோ றோயலை'யும் சொன்ன அளவுக்கு இந்தப் படத்தைச் சொல்லவில்லை.

விளக்கு எரிந்தது. கருத்துகள் தொடங்கின.

வங்கியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற நண்பர் லீயின் பரம ரசிகர். "அரை மணித்தியாலத்தில ஆளை முடிச்சுப்போட்டு மிச்ச நேரம் முழுக்க நடைபாதையில நடக்கிறதையே காட்டிறான்," என்று அலுத்துக்கொண்டார். இந்தக் குறையை உலகெங்கும் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. இரவு உடையில் ஒருத்தி மெழுகுவர்த்தியோடு படியிறங்குவதை எத்தனை தடவை பார்ப்பது? படத்தின் நடுப்பகுதியில் பத்து நிமிடத்தைக் குறைத்திருந்தால் நானே நன்றி சொல்லியிருப்பேன். ஒரு வேடிக்கை: வெட்டியவர்கள் அந்த நடையில் கைவைக்கவில்லை.

புகைப்படக் கலைஞரான நண்பர் கதையைப் பற்றிப் பேசவே இல்லை. நெவென்காவின் கண்களில் மட்டும் ஒளிக்கீற்று விழ, முகத்தின் மிகுதி இருளில் அமிழ்ந்திருக்கும் காட்சியைத் திரும்பப் போடச் சொல்லி மூன்று தடவை பார்த்தார். பேய் மெய்யா பொய்யா என்று இன்னும் இருவர் வாதிட்டார்கள். கேர்ட்டின் உடலைத் தம்பி எரித்த பின்பும் சிரிப்பு கேட்கிறதே என்றார் ஒருவர். கொலைகளைச் செய்தது நெவென்காவே என்று கடைசியில் தெளிவாகிறதே என்றார் மற்றவர். இரண்டுக்கும் படத்தில் இடமிருக்கிறது என்று நான் நடுவர் வேலை பார்த்தேன். பிறகு என் முறை வந்தபோது, முன்பு சொன்ன கருத்தை வாபஸ் வாங்குவதாக அறிவித்தேன். பாவா ஒரு பெண்ணின் ஆசையை அவளுடைய கண்ணாலேயே காட்டியிருக்கிறார், 1963இல் இது பெரிய காரியம், வெட்டியவர்கள் பயந்தது சவுக்கைக் கண்டல்ல, அவள் முகத்தைக் கண்டு என்றெல்லாம் விரித்துப் பேசினேன். நன்றாகப் பேசிவிட்டதாகவே நினைத்தேன்.

அப்போது, வீடுகளில் அடிபட்டு வரும் பெண்களுக்கான இல்லமொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றிய தங்கை ஒருத்தி வாய்திறந்தாள்.

"அண்ணை, நீங்கள் நல்ல படம் எண்டு சொல்லுறியள். எனக்கு வயித்தைக் குமட்டிக்கொண்டு வந்தது. அடிக்கிறவன் எல்லாரும் சொல்லுற கதை இதுதான். அவளுக்கு அது பிடிக்கும் எண்டுதான் சொல்லுவாங்கள். எழுதினது ஆர்? மூண்டு ஆம்பிளையள். எடுத்தது ஓர் ஆம்பிளை."

அவள் சொன்னது தகவலளவில் சரி. கதைக்கும் திரைக்கதைக்கும் பெயர் போட்டிருப்பவர்கள் கஸ்டால்டி, ஊகோ குவேரா, லூச்சியானோ மார்த்தினோ ஆகிய மூவர். புகைப்பட நண்பர் மறுத்தார். எல்லாப் பெண்களும் இப்படி என்று படம் எங்கே சொல்கிறது, ஒருத்தியின் கதைதானே, அவளும் சந்தோசமாக இருந்ததாகக் காட்டவில்லையே என்றார். தங்கை விடவில்லை. "நான் பேசிற பொம்பிளையளும் ஒவ்வொருத்தியும் ஒருத்திதான் அண்ணா."

எனக்கு வாதத்தில் சேர வாய் வரவில்லை. அவள் சொன்ன வாக்கியம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. அதை நான் அச்சிற் கண்டிருக்கிறேன். என் கையெழுத்திற் கண்டிருக்கிறேன்.

இளநிலை நிருபராக நீதிமன்றச் செய்திகளைச் சேகரித்துத் திரிந்த காலம். மனைவியை அடித்துக் காயப்படுத்தியதாக ஒருவன் நிறுத்தப்பட்டிருந்தான். கூண்டில் நின்றபடி, அடிக்காவிட்டால் அவள் கோபித்துக்கொள்வாள் ஐயா என்றான். மன்றில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை பெட்டிச் செய்தியொன்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியபீடத்தில் எல்லோரும் ரசித்தார்கள். தலைப்பை வைத்ததும் நானே. அதை இங்கே திரும்ப எழுத மனமில்லை.

இத்தனை காலமும் அது என் நினைவில் ஒரு பகிடிச் செய்தியாகவே இருந்தது. நாங்கள் பழைய பத்திரிகையாளர்கள் கூடும் இடங்களில் சொல்லிச் சிரிக்கும் கதைகளில் ஒன்று. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது: அந்தப் பெண் மன்றில் இருந்தாளா? இருந்தாள். சாட்சியம் சொன்னாளா? சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னாள்? எனக்கு ஒரு சொல்லும் ஞாபகமில்லை.

இதை வைத்துக்கொண்டு தங்கையிடம் நான் என்ன வாதாடுவது? அப்படியும் படத்தைப் பற்றிய என் கருத்தை முழுதாக விட்டுக்கொடுக்க முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் எழுதிய பெட்டிச் செய்தியில் அவன் பேசினான், அவள் இல்லை. பாவாவின் படத்தில் கேர்ட் செத்துப்போகிறான், அவள் இருக்கிறாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவளுடைய முகத்தைத் தவிர நாம் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. இந்த வேறுபாடு பெரிதென்றே எனக்குப் படுகிறது. இது ஒருவேளை எனக்குச் சாதகமாக நான் கண்டுபிடித்த வேறுபாடாகவும் இருக்கலாம். தங்கை அப்படித்தான் சொல்வாள். அவளிடம் இன்னும் நான் கேட்கவில்லை.

கூட்டத்தில் கடைசியாகப் பேசியவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர். எழுபதைத் தாண்டியவர். இந்த மாதிரிப் படத்துக்கு ரீச்சரை அழைத்திருக்கக் கூடாதோ என்று படம் ஓடும்போதே சிலர் நெளிந்துகொண்டிருந்தார்கள். ரீச்சர் நெளியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அந்த வீட்டில ஆராவது அந்தப் பிள்ளையோட இருந்து ஒரு நேரம் கதைச்சதைக் கண்டனீங்களோ?"

யோசித்துப் பார்த்தோம். மாமனார் தன் வம்சத்தின் கவலையில் இருக்கிறார். கணவனின் கண் கத்தியாவின் மேல். வேலைக்காரி ஜோர்ஜியாவின் உலகம் அந்தக் கண்ணாடிப் பேழை. நெவென்கா மயங்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்துகிறார்கள். கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான்.

"அடிக்கிறதுக்கெண்டாலும் அவன் ஒருத்தன்தான் அவளிட்ட வந்தவன்," என்றார் ரீச்சர். "அது காதல் எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா கடைசியில அவள் ஆரைக் கட்டிப்பிடிக்கிறாள் எண்டு பாருங்கோ."

கடைசிக் காட்சி கல்லறைக்குள் நடக்கிறது. நெவென்கா கேர்ட்டைக் காண்கிறாள். அவனை அணைத்தபடியே குத்துவாளை ஓங்குகிறாள், அவனைக் கொன்று முடிப்பதற்கு. வாள் அவளுடைய உடலிலேயே இறங்குகிறது. அவள் கைகளுக்கிடையில் ஒருவருமே இல்லை. பிறகு நெருப்பில் சவுக்கு எரிகிறது. தங்கை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. தேநீர்க் கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டாள்.

இத்தாலியில் திரைப்படங்களைத் தடைசெய்யும் அதிகாரம் 2021இல் நீக்கப்பட்டது. 'சவுக்கும் உடலும்' இன்று முழுமையாக, நல்ல துலக்கத்தோடு கிடைக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் இத்தாலிய மொழி ஒலியோடு பார்ப்பது நல்லது. ஆங்கில வடிவத்திலும் லீயின் குரல் இல்லை என்பதால் அதிலே ஒன்றும் இழக்கப்போவதில்லை.

அந்தப் படம் பார்த்த சில வாரங்களுக்குப் பிறகு, பழைய பத்திரிகைக் கட்டுகள் பேணப்படும் நூலகம் ஒன்றுக்குப் போனேன். வருடம் ஞாபகம் இருந்தது, மாதம் இல்லை. தூசியோடு இரண்டு முற்பகல்கள் போயின. கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில், அடியில், கோடு போட்ட பெட்டிக்குள். பதினொரு வரி. கணவனின் பேச்சு மேற்கோள் குறிக்குள் நாலு வரி. மன்றில் எழுந்த சிரிப்புக்கு ஒரு வரி. அவன் கட்டிய அபராதத்துக்கு ஒரு வரி. அவளுடைய பெயரையும் ஊரையும் பிழையில்லாமல் எழுதியிருந்தேன். அவள் சொன்னது எதுவும் அதில் இல்லை.

நூலக உத்தியோகத்தர் பிரதி எடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கட்டை மூடி அவரிடம் கொடுத்தேன். பிறகு வாசல்வரை போய்த் திரும்பி வந்து, ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னேன்.